சொந்த வளவில் மல்லிகைக் களவு

“படிச்ச பிள்ளையள் நட்டு எங்க பிள்ளை தழைச்சது?” என்று பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். நான் அப்போது எங்கள் மல்லிகையிலிருந்து பன்னிரண்டு தண்டுகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதிலும் தாவரவியலில் பட்டம். வாயால் பதில் சொல்வது என் மதிப்புக்குக் குறைவு என்று நினைத்தேன்.

பிரச்சினையைத் தொடக்கியவர் அப்பா. இந்தப் பனி நாட்டில் சாடியில் வளர்ந்து, குளிர் வந்தால் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த மல்லிகையை, இந்தக் கோடையில் “பாவம், கால் நீட்டட்டும்” என்று நிலத்தில் நட்டுவிட்டார். அதுவும் நன்றாகவே நீட்டிவிட்டது. இனிக் கிண்டி எடுத்தால் பிழைக்காது. விட்டால் முதல் உறைபனியோடு போய்விடும். அம்மாவின் சாமிப்படத்துக்குப் பூக் கொடுக்கும் ஒரே செடி அது. தண்டுகள் வேர்விட்டால்தான் இனிப் பூ.

வேர்விட வைக்கும் தூளில் தோய்த்துச் சிறு சாடிகளில் நட்டேன். பொலித்தீன் பையால் மூடி, சமைக்கும் குசினியின் யன்னலில் வைத்து, ‘தொடக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். மூன்று வாரத்தில் பன்னிரண்டும் கறுத்துப்போயின. விசாரித்ததில், அப்பா தினமும் வேலைக்குப் போகமுன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்திருக்கிறார்.

“வேர் வந்திட்டுதோ எண்டு பாத்தனான்.”

“தொடக் கூடாது எண்டு எழுதியிருந்தனே அப்பா!”

“நான் கையுறை போட்டுக்கொண்டெல்லோ இழுத்தனான்.”

அம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. “எல்லாருக்கும் முன்னால வெட்டினால் எப்பிடித் தழைக்கும்? களவெடுத்து நட்டால்தான் தழைக்கும்.”

“எங்கட மரத்தை நான் எப்பிடியம்மா களவெடுக்கிறது?”

“படிச்சனீதானே. யோசி.”

வெள்ளிக்கிழமை உறைபனி என்று வானிலை அறிக்கை சொன்னது. வியாழன் பின்னேரம் வேலை முடிந்ததும் ஜக்கெற்றுக்குள் கத்தரிக்கோலை ஒளித்துக்கொண்டு, செடி நின்ற வளவுக்குள் இறங்கினேன். அம்மா யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, “நான் ஒண்டையும் பாக்கேல்லை!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். குனிந்து எட்டாவது, கடைசித் தண்டை வெட்டும்போது வேலிக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது.

“அடி கள்ளி! சொந்த வளவிலயே கை வைக்கிறியோ?”

“சத்தம் போடாதேங்கோ அக்கா, பலிக்காமப் போடும்!” என்றார் அம்மா, இன்னும் திரும்பிப் பார்க்காமலே.

இம்முறை நன்றாக முற்றிய தண்டுகளாக எடுத்திருந்தேன். என் அறையில், வெப்பக்காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைப் பூட்டினேன். வெளியில் தாய்ச்செடி ஒரே இரவில் கீரை அவித்ததுபோல் ஆனது. கறுக்காமல் நின்றவற்றை ஒவ்வொரு நாளும் எண்ணினேன்: ஏழு, ஐந்து, இரண்டு. ஐந்தாவது வாரம் எஞ்சிய ஒன்றில் கடுகளவு துளிர்.

முற்றிய தண்டு, அடிச்சூடு, பூட்டிய கதவு என்று அம்மாவுக்குக் காரணங்களை விளங்கப்படுத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓம் பிள்ளை, களவுதான்” என்றார். மற்ற ஏழுக்கும் அதே சூடும் அதே கதவும்தானே என்று எனக்கும் ஓர் எண்ணம் வந்தது.

அன்ரி பார்க்க வந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டு வெகுநேரம் பார்த்தார். “உது தை வரைக்கும் தாங்குமோ? வெளிச்சம் எங்க?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, துளிரும் வெளிறத் தொடங்கியிருந்தது.

அடுத்த நாளே ஊதா வெளிச்சம் தரும் செடி விளக்கு ஒன்று வாங்கி, என் அறையில் வேலை மேசைக்கு மேலே நானே பொருத்தி, சாடியை அதன் கீழே வைத்தேன். திங்கட்கிழமைக் காணொளிக் கூட்டத்தில், உங்கள் முகம் ஏன் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது, சுகமில்லையா என்று மனேச்சர் கேட்டார். சுகம்தான் என்று சொல்லிவிட்டு, சாடியை வெளிச்சத்துக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.