மடிக்கணினிக்குள் சாமை உமி

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ரிப்பேர் கடையில், என் பழைய மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றினார் கடைக்காரர். உள்ளே இருந்த குட்டி ஃபேனை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். தூசியோடு தூசியாக, வெளிர்மஞ்சளாக, பொடிப்பொடியாக என்னவோ உதிர்ந்தது. விரலில் ஒற்றி எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"இன்னாக்கா இது? உள்ள நெல்லு குத்திக்கினு இருந்தீங்களா?"

"நெல்லு இல்லங்க, சாமை," என்றேன். உமியைப் பார்த்தெல்லாம் அழுகிறவளா நான் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. தூசி ஏறின மாதிரி ஒரு பொய்த் தும்மல் தும்மிச் சமாளித்தேன்.

அந்தக் கடைக்குப் போனதே வேறு வழியில்லாமல்தான். வீட்டில் இருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். எனக்குச் சோறு போடுவது அதுதான். கொஞ்ச நாளாக, மெஷின் ஒரு பக்கத்தைத் திருப்புவதற்குள் நான் குழம்புக்கு வெங்காயம் உரித்து முடித்துவிடலாம். வேலை கொடுக்கிற அம்மா போனில் தன்மையாகத்தான் சொன்னார்: "உங்களோட பக்கங்க மட்டும் எப்பவும் லேட்டாவுது மேடம். புது லேப்டாப் வாங்கிடுங்க. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

வாங்கலாம், தவணையில்கூடத் தருகிறார்கள். ஆனால் புதிது வந்தால் பழையது பரணுக்குப் போகும். பரண் ஏறிய பொருள் என்றைக்கு இறங்கி வந்திருக்கிறது, சொல்லுங்கள். இது என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் என்னைத் தவிரச் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் இதன் ஃபேன்தான். மாவு மில் மாதிரி இரையும். அந்த இரைச்சல் காதில் விழுந்தால் பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு தெம்பு எனக்கு. வேலையும் போகக்கூடாது, இதுவும் பரணுக்குப் போகக்கூடாது. அதனால் இதையே எப்படியாவது ஓட வைத்துவிடுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் கைவைத்தியம் பார்த்தேன். ஆன் செய்ததும் தானாகக் கிளம்பி வருகிற புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினேன். பாதி எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை, கல்யாண வீட்டில் பந்திக்கு மட்டும் வருகிற கூட்டம் போல. பிறகு பவர் செட்டிங்கில் நுழைந்து, பிராசசர் முழு வேகத்தில் ஓடட்டும் என்று வைத்தேன். கொஞ்ச நேரம் குதிரையாக ஓடியது. அப்புறம் முன்னைவிட மோசமாகப் படுத்துக்கொண்டது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். விரட்டினால் சூடாகும், சூடானால் மெதுவாகும். கல்யாணமான புதிதில் எனக்கும் அவருக்கும் நடந்ததும் அச்சு அசலாக இதுதான். நான் அவசரப்படுத்த அவசரப்படுத்த அவர் நிதானமாகிக்கொண்டே போவார்.

அவருக்கு நைனார்பாளையம், எனக்குச் சங்கராபுரம். இரண்டையும் விட்டுவிட்டு மலை மேல் இருக்கிற வெள்ளிமலையில் போய்க் கம்ப்யூட்டர் கடை வைத்தோம். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்னப்பொண்ணு அக்கா வாடகைக்கு விட்ட அவர் வீட்டு முன்அறை, மேலே தகரம், ஒரு மேசை, ஒரு பிரிண்டர், இந்த மடிக்கணினி. சுற்றியுள்ள மலை ஊர்களில் இருந்து சாதிச் சான்றுக்கும் காலேஜ் விண்ணப்பத்துக்கும் நடந்தும் ஜீப்பிலும் வருவார்கள். கீழே கள்ளக்குறிச்சி வெயிலில் மூச்சு வாங்கிய மெஷின், மேலே போனதும் தெளிந்துவிட்டது. "மலக்காத்துக்கு மனுசனே வேகமா நடக்கறான், இது நடக்காதா?" என்பார், என்னவோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

அப்படியும் அது கண் திறக்க நேரமாகும். காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று இவர் வாயாலேயே கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஓட்டுவார். பட்டனை அழுத்தியதும், "கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு, ரைட்." திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால், "கச்சிராயபாளையம் வந்துக்கினு இருக்குது. சில்லறையா குடுங்க." இன்னும் சுற்றினால், "கோமுகி டேம் எறங்கறவங்க முன்னாடி வாங்க." திடீரென்று திரை கறுத்துப்போகும். "வளைவு. எதிர்ல ஜீப்பு வருது, வழி வுட்டுக்கினு இருக்கோம்." ஒருவழியாகப் படம் தெரிந்ததும் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து சொல்வார்கள், "வெள்ளிமல, எறங்கு." ஆனால் யாரும் உடனே இறங்க மாட்டார்கள். யார் வீட்டு மாடு காணாமல் போனது, யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பேச்சு பாதியில் இருக்கும்.

எனக்குத்தான் பொறுக்காது. "இன்னா இது, சின்னப் புள்ளையாட்டம்," என்று முறைப்பேன்.

ஒரு கோடையில், காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சின்னப்பொண்ணு அக்காவின் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. தகரம் கொதிக்கிறது, கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சூடேறி அசையாமல் நின்றுவிட்டது. அந்தப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். வாசலில் அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். இவர் ஓடிப்போய், அவர் கையில் இருந்த முறத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து மெஷினுக்கு விசிற ஆரம்பித்துவிட்டார்.

அக்கா பதறிப்போனார். "மொறக்காத்து மேல படக்கூடாதுப்பா. ஆவாது."

"மனுசனுக்குத்தான்க்கா ஆவாது. இதுக்கு ஆவும்."

முறத்தில் ஒட்டியிருந்த உமியெல்லாம் பறந்தது. மேசையெல்லாம் உமி, இவர் தலையெல்லாம் உமி. மெஷினுக்கு மூச்சு இழுக்கிற ஓட்டை எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரைச்சல் திடீரென்று கூடியது. "பாத்தியா, சுறுசுறுப்பாயிடுச்சு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். விண்ணப்பம் எப்படியோ போய்ச் சேர்ந்தது, அவள் இன்று சேலத்தில் நர்ஸ். மெஷினுக்கு மட்டும் அன்றிலிருந்து இழுப்பு. மொறக்காத்து பட்டா இப்பிடித்தான் என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஊரில் எல்லார் கைக்கும் போன் வந்தது. அவரவர் விண்ணப்பத்தை அவரவரே போட்டுக்கொண்டார்கள். கடையை மூடிக் கீழே வந்தோம். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. வாழ்க்கை முழுக்க நிதானமாக இருந்த மனிதர், அதில் மட்டும் அத்தனை அவசரம்.

அதற்கப்புறம் தினமும் காலையில் மெஷினை ஆன் செய்துவிட்டு, டீயை வைத்துக்கொண்டு நானே அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். முழு ரூட்டும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் என் கூடவே இருப்பார்.

ரிப்பேர் கடையில் அந்தத் தாளை மடித்துத் தரச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. என்ன நினைப்பாரோ என்று தயங்கினேன். அதற்குள் அவர் ப்ளோயரை எடுத்து ஒரே ஊதாக ஊதிவிட்டார். தாளும் போயிற்று, உமியும் போயிற்று. பிராசசர் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டை இறக்குகிற பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினார். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு வேகமான ஒன்றைப் போட்டார். "இனிமே பறக்கும்க்கா," என்றார். பாவம், அவர் வேலையை அவர் நன்றாகத்தான் செய்தார்.

மறுநாள் காலை மேசையில் வைத்து ஆன் செய்தேன். "கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு, ரைட்," என்றேன். கச்சிராயபாளையம் என்று வாயெடுப்பதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. டீயில் ஆடைகூடக் கட்டவில்லை. குனிந்து காதை வைத்துப் பார்த்தேன், ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

பக்கங்கள் அன்றைக்கே போய்விட்டன. வேலை கொடுக்கிற அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வேலை போகவில்லை, மெஷினும் பரண் ஏறவில்லை. நான் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்துவிட்டது.

சாயங்காலம் அதை அணைத்துவிட்டு மறுபடியும் ஆன் செய்தேன். இந்த முறை மூச்சு விடாமல், அவசர அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன். கோமுகி டேம்கூட வரவில்லை, அதற்குள் திரையில் படம் வந்துவிட்டது.