அலோசியஸ் அண்ணையின் ஒரேயொரு வசனம்

அலோசியஸ் அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடித்த நினைவு மலரில் 'ஹொலிவூட் நடிகர்' என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, 'ஏழு திரைப்படங்களில் நடித்துத் தமிழினத்துக்குப் பெருமை சேர்த்தவர்' என்று ஒரு வரி. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவர் அந்த ஏழில் ஒன்றையாவது முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். நான் ஏழையும் பார்த்தவன். அவரை அதற்குள் தள்ளிவிட்டவனும் நான்தான். ஆகவே அவரைப் பற்றி ஒருவர் எழுதுவதானால் அது நானாக இருக்கட்டும்.

என் பெயர் டக்ளஸ். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, ஞானஸ்நானம், செத்தவீடு எதுவென்றாலும் எங்கள் சனத்துக்கு வீடியோ எடுப்பவன்.

அலோசியஸ் அண்ணை மன்னார் பேசாலைக்காரர். தகப்பனோடு கடலுக்குப் போனவர். தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்து, ஹம் நகரத்தில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசிவரை அதே தொழிற்சாலைதான். மனைவி பிளோறன்ஸ் அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் நடாலி. வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகியவர் என்பதால் மெல்லக் கதைக்கவே தெரியாது. மேல்மாடியில் இருந்த ஜெர்மன்காரக் கிழவி தும்புத்தடியால் நிலத்தில் தட்டாத நாள் இல்லை. "அண்ணை, கொஞ்சம் மெதுவா" என்று சொன்னால், "இதுதான்ரா மெதுவா" என்பார். அதையும் கத்தித்தான் சொல்வார்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஒரு ஞானஸ்நான வீட்டில் அவரைக் கிட்டக் காட்டி எடுத்திருந்தேன். வெயிலில் காய்ந்த முகம், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. எனக்குத் தெரிந்த ஜெர்மன் கமராக்காரன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, படங்களுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓரிடத்துக்கு அந்தப் படத்தை அனுப்பச் சொன்னான். நானும் விளையாட்டாக அனுப்பினேன். மூன்று கிழமையில் கூப்பிட்டுவிட்டார்கள்.

அமெரிக்கக் கொம்பனிகள் இங்கே வந்து படம் எடுக்கும்போது கறுத்த, மண்ணிற முகங்கள் தேவைப்படும். அலோசியஸ் அண்ணை அப்படித்தான் ஹொலிவூட்டுக்குப் போனார், ஹம்மிலிருந்து காலை ஐந்து மணி ரயில் ஏறி. முதல் படத்தில் அரபுக் கைதி. அடுத்ததில் மெக்சிக்கோ தோட்டக்காரன். பிறகு கியூபாக்காரன், வாடகைக் கார்ச் சாரதி, இரண்டு தரம் பிணம். ஒரு தரமாவது தமிழனாக வந்ததில்லை. நான் தொழில்காரன் என்பதால் ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கூட்டியிருக்கிறேன். ஏழாவதற்கு முதல் வந்த இந்த ஆறு படத்திலும் சேர்த்து அவர் முகம் தெரிவது நாற்பத்தொரு செக்கன். அவர் வாய் திறப்பது ஓரிடத்திலும் இல்லை.

ஆனால் அந்த மனிதருக்கு அது வேலையில்லை, வேட்கை. தொழிற்சாலையில் எடுக்கும் விடுமுறை முழுவதையும் படப்பிடிப்புக்கே கொடுத்தார். ஊர்ச் சனம் அவரை 'ஹொலிவூட்' என்றே கூப்பிடத் தொடங்கியது. கேலிதான். அவருக்கு அது விளங்கியதா, விளங்காத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "டக்ளஸ், ஒரு வசனம் தந்தாங்கள் எண்டால் காணுமடா. ஒரேயொரு வசனம்" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

அந்த வசனம் இரண்டாயிரத்தைந்து ஐப்பசியில் கிடைத்தது. கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லுக்குழி ஏரியை ஆசியக் கடற்கரையாக மாற்றி, தொட்டியோடு தென்னைகளைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். கதாநாயகன் ஓடிவந்து வள்ளம் கேட்கிறான். அண்ணை மீன்காரன். மறுத்துச் சொல்ல வேண்டும். "உங்களுடைய மொழியிலேயே ஏதாவது சொல்லுங்கள், யாருக்கும் விளங்கப்போவதில்லை" என்று உதவி இயக்குநர் பெண் சொன்னாளாம். திரும்பிவரும்போது ரயிலிலிருந்து எனக்குப் போன் அடித்தார். தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என்ன சொன்னனான் தெரியுமே? 'இந்தக் காத்துக்கு வள்ளம் போகாது தம்பி. வீட்டை போ.' எங்கடை அப்பு சொல்லுற மாதிரியே சொன்னனான். எல்லாரும் கை தட்டினவங்கள்!"

ஒரு கிழமைக்குள் ஹம் முழுக்க அந்த வசனம் பரவியது. தமிழ்க் கடையில் அரிசி முடிந்தாலும் "இந்தக் காத்துக்கு வள்ளம் போகாது" என்றார்கள். அந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

மார்கழியில் அவர் தொண்டை அடைத்தது. தடிமன் என்று கொத்தமல்லி குடித்துப் பார்த்தார். பங்குனியில் வைத்தியர் புற்றுநோய், சிகரெட்டின் வேலை என்றார். வைகாசியில் குரல்வளையை அப்படியே எடுத்துவிட்டார்கள். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு ஊரெல்லாம் கொடி கட்டிய காலம் அது. ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் பேர் கத்துகிறார்கள், உள்ளே அலோசியஸ் அண்ணை கழுத்தில் ஓட்டையோடு மடியில் ஒரு கொப்பி வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்தது ரோபோவின் சத்தம். நடாலி பயந்துபோனதைப் பார்த்து, அதை மேசை லாச்சிக்குள் போட்டவர் பிறகு எடுக்கவேயில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு நடாலி என்னோடு தனியாகக் கதைத்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

"மாமா, அப்பான்ரை சத்தம் எனக்கு இப்பவே சரியா ஞாபகம் வருதில்லை. நித்திரையாலை எழும்பி யோசிச்சுப் பாப்பன், வராது. ஆன்ஸரிங் மெஷினிலையும் நான்தான் பேசியிருக்கிறன். படம் வந்தால் அதிலை இருக்கும்தானே?"

"ஓம் பிள்ளை. கட்டாயம் இருக்கும்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதில் எனக்கு நிகர் நான்தான்.

படம் இரண்டாயிரத்தேழு தையில் ஹம்முக்கு வந்தது. நாற்பத்துமூன்று பேர் போனோம். மூன்று வரிசை முழுக்க நாங்கள்தான். பிளோறன்ஸ் அக்கா காஞ்சிபுரம் கட்டியிருந்தா. அண்ணை கழுத்தைச் சால்வையால் மறைத்து நடுவில் இருந்தார். பதினைந்து, இருபது வருடமாக இந்த நாட்டில் வாழ்கிறோம், எங்களில் ஒருவராவது ஒரு ஜெர்மன் தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குப் படம் என்றால் கடையில் எடுக்கும் தமிழ் டிவிடி, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் திரை கட்டிப் போடுவது. இந்த நாட்டில் வெளிநாட்டுப் படத்துக்கெல்லாம் ஜெர்மன் குரல் கொடுத்துத்தான் ஓட்டுவார்கள் என்று அந்த நாற்பத்துமூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடாலி சிநேகிதிகளோடு தியேட்டருக்குப் போகிறவள். ஆனால் பிறந்ததிலிருந்து ஜெர்மன் பேசும் ஹொலிவூட்டையே பார்த்தவளுக்கு அது இன்னொருவர் குரல் என்ற நினைப்பே வந்ததில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் வீடியோக்காரன்.

கதாநாயகன் ஜெர்மனில் பேசத் தொடங்கியதும்தான் எனக்கு விளங்கியது. அண்ணையின் காட்சி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தது. திரை முழுக்க அவர் முகம். வாய் நீளமாக அசைந்தது. 'வள்ளம்' என்று உதடு திறந்து மூடியதுகூடத் தெரிந்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரன் கரகரத்த குரலில் இரண்டே சொல் சொன்னான்.

"ஹவ் அப்!"

ஓடிப்போ என்று அர்த்தம். அவ்வளவுதான். முன்வரிசையில் நாலைந்து ஜெர்மன் பொடியங்கள் சிரித்தார்கள். அண்ணையின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது அண்ணை எல்லோருக்கும் கைகொடுத்தார், கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

அன்றைக்கும் நான்தான் ஆறுதல் சொன்னேன். "டிவிடி வரும் பிள்ளை. அதிலை இங்கிலிஷுக்கு மாத்தலாம். அதிலை அப்பான்ரை சொந்தக் குரல் இருக்கும்." ஆறு மாதம் அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஆடி மாதம் டிவிடி வந்த அன்றே வாங்கிக்கொண்டு ஹம்முக்குப் போனேன். நடாலியே ஆங்கிலத்துக்கு மாற்றினாள். கதாநாயகன் ஆங்கிலத்தில் வள்ளம் கேட்டான். அண்ணையின் வாய் அசைந்தது. வந்தது வேறொருவன் குரல், மெல்லிய குரல், எந்த நாட்டு மொழியென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை நடக்கிற நாட்டுக்குத் தமிழ் பொருந்தாது என்று எவனோ எங்கேயோ ஒரு அறையில் இருந்து மாற்றியிருக்கிறான். நடாலி மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். பிறகு ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"மாமா," என்றாள், "நீங்கள் எடுத்த வீடியோ எல்லாத்திலையும் அப்பா நிப்பார்தானே. அதிலை தேடித் தாங்கோ."

இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் தொழில் எப்படியென்று சொல்கிறேன். கொண்டாட்ட வீட்டுச் சத்தம் யாருக்கும் வேண்டாம். கோப்பை விழும், பிள்ளைகள் அழும், ஒருவரையொருவர் திட்டுவார்கள். ஆகவே பதிவான சத்தம் முழுவதையும் அழித்துவிட்டு, ஆரம்பம் முதல் முடிவுவரை சினிமாப் பாட்டுப் போட்டுக் கொடுப்போம். அதுதான் எடுப்பான வீடியோ. சனம் கேட்பதும் அதைத்தான். காசு மிச்சம் பிடிக்க, அசல் நாடாவின் மேலேயே அடுத்த கலியாணத்தை எடுப்போம், பழையது அதோடு அழிந்துவிடும். என் வீட்டில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடியோவையும் ஐந்து நாள் இருந்து பார்த்தேன். முப்பத்தொன்றில் அலோசியஸ் அண்ணை இருந்தார். கதவடியில் நின்று ஆட்களை வரவேற்கிறார். பந்தியில் கையைக் காட்டி ஏதோ கத்துகிறார். கமராவைப் பார்த்து என்னிடமே ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு ஓடுகிறது. அமெரிக்காக்காரன் ஒரு வசனத்தை எடுத்தான். நான் பதினாலு வருடத்தை அழித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சொன்னேன். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்டிலையுமே இல்லையா மாமா?"

"இல்லைப் பிள்ளை."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிளோறன்ஸ் அக்கா குசினிக்குள்ளேயே நின்றா. ஜன்னலோரம் இருந்த அலோசியஸ் அண்ணை கொப்பியை எடுத்து, அவசரமில்லாமல் எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'அவள் சின்னப்பிள்ளை, விடு. நீ போட்ட பாட்டெல்லாம் நல்ல பாட்டுத்தான். சாப்பிட்டிட்டுப் போ.'

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மேல்மாடிக் கிழவி தும்புத்தடியால் தட்டுகிற அளவுக்குத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவும் அந்த மனிதரிடம் குரல் இல்லையே என்று நினைத்ததும் கொப்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன்.