இப்பத்தானுங்க குடிச்சோம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அடுத்தவர் வீட்டில் தாகம் எடுக்காது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், அவர்கள் தண்ணீர்ச் செம்பை நீட்டுவதற்கு முன்பே அப்பா சொல்லிவிடுவார்: "இப்பத்தானுங்க குடிச்சோம்." உடனே அம்மா சொல்வாள், அக்கா சொல்வாள், கடைசியில் நானும் சொல்வேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் தோற்றுப் போவார்கள்.

அப்பா பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர். ஊருலகத்துக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பூட்டி அனுப்புகிற மனுஷன், துடியலூரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்று மஞ்சள் பையில் கூடவே வரும். பந்தியில் இலைக்குப் பக்கத்தில் அதை நட்டமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பரிமாறுகிறவர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

கோயமுத்தூர்க்காரர்களிடம் சிறுவாணித் தண்ணீரை வேண்டாம் என்பது, பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதற்குச் சமம். "ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்க, சக்கரையாட்ட இருக்கும்" என்று கெஞ்சுவார்கள். அப்பா அசைய மாட்டார். "ஏம்மா இப்படி?" என்று கேட்டால் அம்மா, "அது அப்படித்தான், சும்மா கெட" என்பாள். ஒரு முறை அத்தை, "உங்கப்பன் சின்னப் பையனா இருக்கறப்போ பண்ணாடி ஊட்டுல..." என்று ஆரம்பித்தார். தாத்தா கூலிக்குப் போன தோட்டத்தின் முதலாளியைத்தான் பண்ணாடி என்பார்கள். அதற்கு மேல் கதை நகரவில்லை. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் இப்படித்தான், பேச்சு எங்கேயாவது முட்டினால் உடனே வெங்காயம் உரிப்போம்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வரை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால், அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். அங்கே வாய் நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்து வந்தால் வேண்டாம் என்று அர்த்தம், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. போத்தனூரில் ஒரு நல்ல சம்பந்தம் அப்படித்தான் போனது. அப்பா வழக்கம்போல இப்பத்தானுங்க குடிச்சோம் என்றார், நாங்களும் பின்பாட்டுப் பாடினோம். அவர்கள் அடுத்த முகூர்த்தத்தில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். "தண்ணிகூடத் தொடலீங்க, அத்தன கவுரவக்காரங்க நமக்கு ஒத்துவராது" என்று சொன்னார்களாம். நாங்கள் கவுரவக்காரர்கள்! கேட்டபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் சூலூர் சம்பந்தம். மாப்பிள்ளைக்குத் தறிக் கூடத்தில் மெக்கானிக் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, "எனக்கு எங்கம்மாவைவிட நல்லாக் கொழம்பு வெக்கத் தெரியுமுங்க" என்று சபையில் சொன்னார். அவருடைய அம்மா முறைத்தார். உள்ளே கதவோரம் நின்ற அக்கா அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டாள். நாங்கள் சூலூருக்குக் கிளம்புகிற அன்று காலையில் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டி, அப்பாகிட்ட நான் சொன்னா நல்லாருக்காது. எப்படியாச்சும் ஒரு மடக்கு குடிக்க வெச்சுரு. இந்த எடத்தையும் கெடுத்துப் போடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

அக்கா யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. கிளம்பும்போது முதல் காரியமாக அந்தச் சிவப்பு மூடிக் கேனை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பா தேடினார். "எங்க வெச்சனோ" என்று தலையைச் சொறிந்துகொண்டு வெறுங்கையோடு வந்தார். காந்திபுரத்தில் பஸ் மாறி சூலூர் போய்ச் சேர்வதற்குள் அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை வீடு புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு. நாங்கள் பாயில் உட்கார்ந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா பளபளவென்று தேய்த்த பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

அப்பா உதட்டை நக்கிக்கொண்டே, "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்றார்.

"ஆமாங்க, இப்பத்தானுங்க" என்றாள் அம்மா, அனிச்சையாக. பாவம், அவளும் என்ன செய்வாள். என் வாயிலும் அது பாதி வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

செம்பு நடுக்கூடத்தில் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, ஊடு புடிக்கலீனா சொல்லிப்போடுங்க. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க" என்றார். வருத்தம் அவர் குரலிலேயே இருந்தது. கதவோரம் நின்ற மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாசலைப் பார்த்தார், எப்போது எழுந்து போகலாம் என்று.

எனக்கு அக்காவின் முகம்தான் கண்ணில் நின்றது. எழுந்து போய் அந்தச் செம்பை வாங்கினேன். பதினேழு வயசு, கல்லூரி போகிற பெண், ஒரு செம்புத் தண்ணீருக்கு ஏன் பயப்பட வேண்டும்? யாரோ வந்து அடிக்கப் போகிறார்கள் என்பது போல முதுகு கூசியது. கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தேன். பாதி தாவணியில் ஊற்றிக்கொண்டேன். எவ்வளவு நல்ல தண்ணீர்!

மாப்பிள்ளையின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அம்மணி குடிச்சிருச்சு! இனி அப்பனும் குடிக்கோணுமல்லோ" என்றார். அவர் மனைவி செம்பை நிரப்பிக்கொண்டு அப்பாவிடம் போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, பயம். அப்புறம் மெல்ல எழுந்தார். இடுப்பை வளைத்துக் குனிந்தார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, வாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஐம்பதைத் தொட்ட அந்த உடம்பு தானாகவே அப்படிக் குனிந்துவிட்டது. செம்பு வைத்திருந்தவருக்கு ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பாதான் சட்டென்று எழுந்து வந்தார். மனைவி கையிலிருந்து செம்பை வாங்கி, குவிந்திருந்த அப்பாவின் கைகளுக்குள் அப்படியே வைத்தார்.

"செம்போட குடிங்க சம்பந்தி. எங்கப்பனுக்கும் கையிலதான் ஊத்துனாங்க. அதனாலதான் இந்த ஊட்டுக்கு ஆரு வந்தாலும் மொதல்ல செம்பைக் கையில குடுக்கறது."

அப்பா நிமிர்ந்தார். செம்பின் விளிம்பில் வாய் வைத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குச் சந்தையில் தக்காளி என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"சின்ன வயசுல தாகம் தாங்காம பண்ணாடி ஊட்டுச் செம்பை எடுத்துக் குடிச்சுப்போட்டனுங்க. என்னைய ஒண்ணும் பண்ணல. எங்கப்பனைத் தென்ன மரத்துல கட்டி வெச்சு என்ற கண்ணு முன்னாடி அடிச்சாங்க. அப்பறம் வெளிய தாகமே எடுக்கறதில்லீங்க." கொஞ்சம் நிறுத்தி, வெறும் செம்பைப் பார்த்தார். "இன்னொரு செம்பு கெடைக்குமுங்களா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தது மாப்பிள்ளைதான். ஓடிய வேகத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம். சும்மா சொல்லக் கூடாது, அவர் அம்மா முறைத்ததில் நியாயம் இருந்தது, குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா நெளிந்துகொண்டே வந்தார். நடத்துநரிடம் இரண்டு தடவை கெஞ்சி வண்டியை நிறுத்தச் சொல்லி, புதரோரம் இறங்கி ஓடினார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அது சிரித்ததால் வந்த நீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே அக்கா வாசலில் நின்றிருந்தாள். அப்பா அவளைத் தாண்டி நேராகக் கொல்லைப்புறத்துக்கு ஓடினார். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி ஆச்சு? ஒத்துக்கிட்டாங்களா இல்லையா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. "அப்பா தண்ணி குடிச்சுட்டாரு" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரு, நம்ம அப்பாவா?" என்று கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.