பேரைச் சொல்லிவிட்டுப் பாடிய மஞ்சுளா: பாகலூர் வழியாக ராயக்கோட்டைக்கு ஒரு நாள்

இந்த வலைப்பதிவில் வழக்கமாக அருவி, கோட்டை, பிரியாணி என்று எழுதுகிறவள் நான். இந்த முறை போனது ஒரு குரலைத் தேடி. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெங்களூரிலிருந்து ஓசூர், அங்கிருந்து பாகலூர், பிறகு ராயக்கோட்டை, இருட்டுவதற்குள் வீடு. ஏழு வருடங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டிய பயணம் இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு விஷயம். பெங்களூரில் நான் டிஜே. கிளப்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் பாட்டு போடுகிறவள். அதற்கு முன்னால் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தேன். கம்பெனி ஆண்டு விழாக்களுக்கு மைக், ஸ்பீக்கர் கட்டுவது எங்கள் பிழைப்பு. அப்படி ஒருநாள் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தோம். மதியம் மைக் சோதிக்கும்போது, மேடையேறப் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேரைச் சொல்லிவிட்டு இரண்டு வரி பாடச் சொல்வது என் வழக்கம். பேசும்போது ஒரு சத்தம், பாடும்போது ஒரு சத்தம் வருமே, இரண்டுக்கும் சேர்த்து மைக்கைச் சரி செய்யத்தான். எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துக்கொள்வேன்.

அன்று பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து பாடினாள். சினிமாப் பாட்டு இல்லை, அவளே கட்டிய வரி:

"பனி போகல, பஸ்ஸு வந்துருச்சு.
கண்ணு தொறக்கல, கம்பெனி வந்துருச்சு."

தாழ்ந்த, கொஞ்சம் கரகரப்பான குரல். விழாவில் மேனேஜர்கள் பேசிக்கொண்டே போனதில் அவள் பாட்டுக்கு நேரமில்லாமல் போனது. ஆக, அந்தப் பெண் அன்று பாடியது எனக்கும் என் மைக்குக்கும் மட்டும்தான்.

நான் என்ன செய்தேன்? வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வரியை எடுத்து, தாளம் போட்டு, ஒரு டான்ஸ் பாட்டாக்கினேன். அவள் பாடியது நிதானமாக. கிளப்பில் நிதானத்துக்கு ஏது இடம்? வேகத்தைக் கூட்டினேன், குரல் இரண்டு கட்டை மேலே ஏறிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடுவது போல் கேட்டது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டேன். பாட்டு பிடித்துக்கொண்டது. பெங்களூரில் தொடங்கி ஓசூர், கிருஷ்ணகிரி கல்யாணங்கள் வரைக்கும் ஒலித்தது. போஸ்டரில் என் பெயர். பாட்டு எழுதியவர் என்ற இடத்திலும் என் பெயர்.

டான்ஸ் பாட்டில் பெண் குரலுக்கு இருக்கும் மரியாதை இவ்வளவுதான். ஜனங்கள் சேர்ந்து கத்துவது அவள் பாடிய வரியை, கையைத் தூக்கிக் கும்பிடுவது மிக்சர் பலகைக்குப் பின்னால் நிற்கும் டிஜேயை. ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் பாடிவிட்டுப் போன பெண் 'லேடி வாய்ஸ்' என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் கிடப்பாள். வீடியோவில் வேறொருத்தி வாயசைப்பாள். அப்படிப் பாடியவர்களில் சிலரை எனக்கே தெரியும், மேடைப் பாடகிகள் பலரைத் தூக்கிச் சாப்பிடும் குரல்கள். இதைப் பற்றி நான் கூட்டங்களில் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் 'ஓசூர் லேடி 3' என்று ஒரு ஃபைல் இருந்தது.

போன டிசம்பரில் ஒரு இசை நிறுவனம் பழைய டான்ஸ் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட என் பாட்டையும் கேட்டது. குரலுக்குச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் பழைய பதிவை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். "மைக் டெஸ்டிங். மஞ்சுளா, பேக்கிங் செக்‌ஷன், பாகலூர்," என்றது அந்தக் குரல். அதற்குப் பிறகுதான் பாட்டு. பேர், வேலை, ஊர் எல்லாமே இருந்தது. பாட்டுக்குத் தேவையில்லை என்று அந்த முன்பகுதியை வெட்டி எறிந்தது நான்தான்.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை 6.40க்கு சில்க் போர்டு நிறுத்தத்தில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்து, கட்டணம் அறுபது ரூபாய். அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றோம். அந்த இடத்தைத் திட்டாமல் கடந்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 8.10க்கு ஓசூர். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இட்லி, வடை, காபி சேர்த்து எழுபது ரூபாய், சட்னி பரவாயில்லை. ஜனவரிக் குளிர் உள்ளங்கை வரை ஏறும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

பாகலூருக்கு 8.45க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது, எதிரில் வரிசையாகக் கம்பெனி பேருந்துகள். ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த இரண்டு வரியை எங்கே உட்கார்ந்து கட்டியிருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பாகலூரில் இறங்கி ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தேன். பக்கத்து ஆளிடம் தெலுங்கிலும் போனில் கன்னடத்திலும் பேசிக்கொண்டிருந்த அன்வர் என்ற டிரைவர் என்னிடம் தமிழுக்கு மாறினார். தெருவுக்கு நாலு மஞ்சுளா இருக்கிறார்களே, எந்த மஞ்சுளா என்றார். பேக்கிங் பிரிவு, பாடுவார் என்றேன். சிரித்துவிட்டார்.

"பாட்டு மஞ்சுளாவா? அந்த டான்ஸ் பாட்டு நான் பாடுனதுதான்னு பஸ்ஸு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சுதே, அந்தப் பொண்ணாங்க?"

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவர் மனைவி ஷமீமும் அதே கம்பெனிதானாம். பேக்கிங்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை, பஸ்ஸிலும் அப்படியே. மஞ்சுளாவை நம்பி ஷமீம் ஊரோடு சண்டை போட்டாராம், கடைசியில் பொய் என்று தெரிந்து பேச்சே நின்றுபோனதாம். மஞ்சுளா கல்யாணமாகி ராயக்கோட்டை போய்விட்டார், தக்காளி மண்டியில் வேலை, கணவர் டெம்போ ஓட்டுகிறார் என்று அடையாளமும் சொன்னார். அன்வரின் நம்பரை வாங்கிக்கொண்டேன், டீ வாங்கிக் கொடுத்தேன், நன்றி சொன்னேன்.

'அது பொய் இல்லைங்க' என்று மட்டும் சொல்லவில்லை. மூன்று வார்த்தை. வாயில் வந்து நின்றது, விழுங்கிவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். முதலில் மஞ்சுளாவைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்கு 10.50க்கு பேருந்து, முப்பத்தைந்து ரூபாய், கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். ரயிலும் உண்டு, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். கெலமங்கலம் தாண்டியதும் தொழிற்சாலைச் சுவர்கள் குறைந்து தக்காளித் தோட்டங்கள் ஆரம்பிக்கின்றன. 12 மணிக்கு இறங்கினேன். நிமிர்ந்தால் கோட்டை மலை தெரிந்தது. ஏறுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், நான் ஏறவில்லை.

மண்டியில் ஏலம் முடிந்து காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளாவுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைத் தெரியவில்லை. பாகலூரில் அன்வர் வழி சொன்னார், ஆண்டு விழாவில் மைக் போட வந்தவள் நான் என்றதும் முகத்தை உற்றுப் பார்த்து, "மைக் மேடமா?" என்றார். ஒரு கூடையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டு என்னுடையது, குரல் உங்களுடையது, கேட்காமல் எடுத்தேன், பெயர் போடவில்லை. அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனில் அந்தப் பழைய பதிவைப் போட்டுக் காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். பேர் சொல்லும் இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டார்.

பிறகு அவரே பஸ் கதையைச் சொன்னார். கம்பெனி பேருந்தில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டபோது வரி தன்னுடையது என்று உடனே தெரிந்துவிட்டதாம். குரல்தான் குழப்பியதாம். ஆனாலும் சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை. 'நான் சொல்கிறேன், இவள்தான்' என்று ஷமீம் எழுந்து நின்றாராம். அப்படியானால் பாடச் சொல்லு என்று பஸ்ஸே கூடியதாம். ஷமீம் கையைப் பிடித்துத் தூக்கிவிட, மஞ்சுளா பாடினார். தன் குரலில், தாழ்ந்த அந்தக் குரலில். பாட்டில் கேட்டதோ இரண்டு கட்டை மேலே ஏறிய பிள்ளைக் குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு. வரியை எங்கேயோ கேட்டுவிட்டுத் தன்னுடையது என்கிறாள் என்றார்கள். மறுநாள் ஷமீம் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அவ என்னை அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல மேடம். தலையக் குனிஞ்சிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்குப் பாடுனதுதான், அப்புறம் நான் பாடவே இல்ல."

ஏழு வருடம். நான் கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்ட ஒரு பட்டனை இழுத்து நகர்த்தியதற்கு ஒரு பெண் ஏழு வருடம் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அழுகையும் வந்தது. அவர்தான் தண்ணீர் கொடுத்தார். இந்த அழகில் என் பையில் கையெழுத்துக் காகிதம் வேறு இருந்தது. எடுக்கவே கூசியது, ஆனால் மறைக்கவும் கூடாதே. எடுத்து விவரமாகச் சொன்னேன்: இனி எங்கே வந்தாலும் பெரிய எழுத்தில் உங்கள் பெயர் இருக்கும், பாடியதற்கும் எழுதியதற்கும் சேர வேண்டியது எல்லாம் சேரும். படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தப் பாட்டுக்கு என் பேரு வேணாம் மேடம். அது நான் பாடுன மாதிரி இல்லியே. இதுக்குன்னா போடுங்க," என்று போனைக் காட்டினார். பிறகு, "ஷமீம் நம்பர் எங்கிட்ட இல்ல. அவளுக்கு இதை அனுப்ப முடியுமா? மொதல்லருந்து அனுப்புங்க. பேர் சொல்றதைக் கட் பண்ணாம," என்றார்.

அந்த இடத்திலேயே அன்வரைக் கூப்பிட்டேன். காலையில் விழுங்கியதை இப்போது சொன்னேன்: மஞ்சுளா சொன்னது நிஜம், குரலை மாற்றியது நான், உங்கள் மனைவியிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். எதிர்முனையில் ஆட்டோவை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அனுப்புங்கள் என்றார். பதினான்கு விநாடிப் பதிவை வெட்டாமல் அனுப்பினேன். மஞ்சுளா தன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கூடை அடுக்கப் போய்விட்டார், நடுநடுவே திரும்பி என் போனைப் பார்த்தார். 2.15 வரை பதில் இல்லை. என் பஸ் வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். என் செலவு மொத்தம் முந்நூறு ரூபாய்க்குள். மண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழு, எட்டு மணிக்குள் ராயக்கோட்டையில் இருங்கள், மதியம் போனால் காலிக் கூடைதான். பாகலூரில் எந்த மொழியில் கேட்டாலும் வழி சொல்வார்கள். வழியில் யாராவது பாடி, நீங்கள் போனில் பிடித்தால், முதலில் பேரைக் கேளுங்கள், அதை வெட்டாதீர்கள், எங்கே போடப் போகிறீர்கள் என்று அவர்களிடமே சொல்லுங்கள். என்னைப் போன்ற தொழில்காரர்களுக்கு இன்னொன்று: குரலை ஏற்றி இறக்கினால், அந்தக் குரலுக்குரியவரிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள்.

என் பாட்டைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடச் சொல்லி அந்த இசை நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். ஏற்கெனவே ஊர் சுற்றும் பாட்டை என்னால் திரும்பப் பிடிக்க முடியாது, போன வாரம்கூட ஒரு மண்டப வாசலில் கேட்டேன். அந்தப் பதினான்கு விநாடியை மஞ்சுளாவின் பெயரில் என் வலைப்பக்கத்தில் போட்டிருக்கிறேன். கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது கேட்டால் தாளமே வேண்டாம் என்று தோன்றுகிறது, அது எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

அன்று திரும்பும் வழியில், அத்திப்பள்ளி நெரிசலில் மாலை 4.10க்கு அன்வர் நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஷமீம்தான். என்னிடம் ஒரு வார்த்தை கோபமில்லை, விசாரிப்பும் இல்லை. மஞ்சுளாவுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அன்னிக்குப் பஸ்ஸுலயும் அவ இதே மாதிரிதாங்க பாடுனா. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். பாட்டுதான் வேற மாதிரி இருந்துச்சு."