ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்

கவரைப்பேட்டைக் கடைக்காரர்களுக்கு சுகிர்தாவைக் கண்டால் ஆகாது. அவள் கெட்டவள் இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டாள், அவ்வளவுதான். இந்த வாய் அவளுக்கு அப்பா தாவீதிடமிருந்து வந்தது. அவர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். வயல் போய் அங்கே கம்பெனி வந்ததும் அதன் கேட்டில் வாட்ச்மேனாக நின்றார். யாராவது "வயலெல்லாம் போச்சே" என்று உச்சுக்கொட்டினால், "அது யாரு வயலு? எனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. போய் வேலயப் பாரு நைனா" என்பார்.

மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தாள். விளக்கின் கீழே ஒவ்வொரு வளையமாக விரித்துப் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கண்ணால் பார்க்காமல் எதையும் அனுப்பமாட்டாள். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால், "வண்டி ஓடச்சொல்ல இது பிச்சிக்கினா நீங்களா போய் நிப்பீங்கோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வளையத்தை எடுப்பாள்.

அவள் புருஷன் பென்னி வெல்டர். பெரிய பெரிய டேங்க் செய்யும் ஷெட்டில் வேலை. உயரத்தில் தொங்கிக்கொண்டு நெருப்புப் பொறிக்கு நடுவே மூட்டு வைப்பான், பயம் என்பதே கிடையாது. ஒன்றே ஒன்றுக்குத்தான் நடுங்குவான். அதற்கு ஷெட்டில் பெயர் 'ரே'.

வெல்டிங்குக்கு உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டேங்கை எக்ஸ்ரே மாதிரி படம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பி, சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டி, சிவப்பு விளக்கைச் சுழலவிட்டு, சைரன் ஊதுவார்கள். படம் பிடிக்கிறவர் சட்டையில் பேட்ஜ் ஒன்று, கையில் ரே பட்டால் கத்துகிற மீட்டர் ஒன்று. இதற்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் ஷெட்டு ஆட்கள் சும்மா இருப்பார்களா? கூட வேலை செய்யும் துளசிராமன் ஒருநாள் கயிற்றைத் தாண்டிப் பீடி எடுக்கப் போனான், அதனால்தான் அவனுக்குக் குழந்தையில்லை என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். துளசிராமனின் மனைவி அதற்கு வேறு காரணம் சொல்வாள். அது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்து சுகிர்தா உண்டானாள். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் துர்காதேவி, "ரெட்டைப் பிள்ளைம்மா" என்றார். பென்னி தெரு முழுக்க லட்டு கொடுத்தான். அடுத்த தடவை போனபோது டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இரண்டு குழந்தைக்கும் ஒரே நஞ்சுக்கொடி, அதனால் பிரசவம்வரை ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்.

படம் பிடிப்பது என்றாலே பென்னிக்குக் கயிறும் சைரனும்தான். ஷெட்டில் இரண்டு பேரைக் கேட்டான். அவர்கள் நான்கு விதமாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தான்.

"வோணாம் சுகி. இரும்புக்கே அவ்ளோ தூரம் தள்ளி நிக்கிறோம். வவுத்துல இருக்கறது பிஞ்சு. ஒரு வாட்டி ரெண்டு வாட்டின்னா சரி. மாசாமாசம் ரெண்டு வாட்டி அடிச்சா இன்னாத்துக்கு ஆவறது?"

"அது ரே இல்ல மாமா. டாக்டரு சொன்னாங்கோ."

"அவங்கோ அப்டிதான் சொல்வாங்கோ."

மாமியார் ரோசம்மாள் அடுப்படியிலிருந்து, "நான் மூணு பெத்தேன். எந்த மிசினும் என்னியப் பாக்கல" என்றாள். மூன்றுக்கு முன்னால் ஒன்று வயிற்றிலேயே போனதை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.

பென்னி அழுதுவிட்டான். அவன் கத்தியிருந்தால் சுகிர்தா பதிலுக்குக் கத்தியிருப்பாள். அழுகிறவனை என்ன செய்வது? அந்தத் தடவை அவள் ஸ்கேனுக்குப் போகவில்லை. ஆனால் செக்கிங் மேசையில் கை ஓடவில்லை. வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்க்கிறவள், தன் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு குழந்தையில் ஒன்று போனாலும் அப்புறம் எந்தப் பதிலும் உதவாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் நேராக அந்தோணியிடம் போய் நின்றாள். அந்தோணிதான் பென்னியின் ஷெட்டுக்கு வந்து ரே எடுக்கிறவர். சிப்காட், காக்களூர் என்று கூப்பிட்ட கம்பெனிக்கெல்லாம் போகிறவர்.

"அண்ணா, ஆஸ்பத்திரி ஸ்கேன்ல ரே வருதா?"

"வராதும்மா. அது சத்தம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்பி, திரும்பி வர்றத வெச்சிப் படம் போடுது. நாங்களே சில மூட்ட அந்த மாதிரி மிசின் வெச்சிப் பாப்போம். அதுக்கு ஏது கயிறு? பக்கத்துலயே குந்திக்கினு நாஷ்டா துண்றோம்."

"இதப் போய் எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லுங்கோ."

"சொல்லிட்டேன். நம்ப மாட்றான்."

"அப்போ உங்க மீட்டர எடுத்துக்கினு வாங்கோ. அது சொன்னா நம்புவாரு."

அந்தோணி சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். அடுத்த ஸ்கேன் நாளான வியாழக்கிழமை அவருக்குக் காக்களூரில் வேலை இருந்தது. திருவள்ளூரை ஒட்டித்தான் காக்களூர். மீட்டர் எப்படியும் பையில் இருக்கும்.

அப்படியாக அந்த வியாழக்கிழமை மூன்று பேர் பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். ஸ்கேன் அறையில் சுகிர்தா ஒளிவுமறைவு ஏதும் வைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர், எங்க ஊட்டுக்காரரு ரேவுக்குப் பயந்துக்கினு கிறாரு. ஒரு மீட்டரு கொண்ணாந்துகிறோம். பக்கத்துல வெக்கலாமா?"

டாக்டர் துர்காதேவி இத்தனை வருட வேலையில் எத்தனையோ கேட்டிருப்பார். மீட்டரோடு வந்த குடும்பம் இதுதான் முதல். கோபப்படுவார் என்று பென்னி எதிர்பார்த்தான். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். "வைங்க, நானும் பார்க்கிறேன்."

ஜெல் தடவினார்கள். கருவி வயிற்றில் ஊர்ந்தது. திரையில் இரண்டு தலை, இரண்டு முதுகு. ஒன்று காலை உதைத்தது. பென்னி ஒன்றையும் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டர் மூச்சுக் காட்டவில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றான்.

அந்தோணிக்குச் சுருக்கென்றது. "மத்தியானம் காக்களூருக்கு என்கூட வா. கயித்துக்கு வெளிய நின்னு கேளு."

ஆனால் பென்னி அத்தோடு விடவில்லை. மனைவியின் குணம் அவனுக்கும் ஒட்டியிருந்தது போலும். "சத்தம்னு சொல்றீங்கோ. எங்க ஷெட்டுல சத்தத்துக்கே காதுல அடைப்பான் வெக்கிறோம். சத்தம் கெடுதல் பண்ணாதா?"

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர். திரையின் மூலையில் சிறியதாக இருந்த எண்ணைக் காட்டினார். "சத்தத்தை எவ்வளவு பலமா அனுப்புறோம்னு இது காட்டும். அதிகமா வைத்து ரொம்ப நேரம் ஒரே இடத்தில் பிடித்தால் கொஞ்சம் சூடு ஏறலாம். அதனால் குறைவா வைத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் எடுத்துடுவோம். இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததால் குழந்தைக்குக் கெடுதல்னு எதுவும் தெரியவரவில்லை. அதுக்காக வேடிக்கை பார்க்கவும் எடுக்கமாட்டோம். காரணம் இருந்தால்தான்."

"எங்களுக்கு இன்னா காரணம்?"

"ஒரே நஞ்சில் ரெண்டு பேர். ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் இழுத்துக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வயிறு நல்லா வளர்ற மாதிரியேதான் இருக்கும். ஸ்கேன் இல்லாமல் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." கருவியைத் துடைத்து வைத்தார். "போன தடவை நீங்க வரலை. கடவுள் புண்ணியத்தில் ஒண்ணும் ஆகலை. இனிமேல் அந்த வேலை வைத்துக்காதீங்க."

மத்தியானம் பென்னி காக்களூருக்குப் போனான். சுகிர்தா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பிரியாணி சாப்பிட்டாள். அவன் திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "மீட்டரு கயித்துக்கு வெளியவே கத்துது சுகி. அந்தோணி அண்ணன் கயித்த இன்னும் தள்ளிக் கட்டினாரு." பிறகு, "ஆஸ்பத்திரில சும்மாதான் இருந்துச்சி" என்றான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் பிகு செய்திருப்பாள்.

அதற்குப் பிறகு பென்னியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வியாழக்கிழமை என்றால் அவளுக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான். இப்போது அவன் மீட்டரைத் தேடவில்லை, திரையைப் பார்த்தான். முதுகெலும்பு வெல்டிங் வரிசை மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடமே சொன்னான்.

எட்டாம் மாதம். கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆரணி ஆற்றில் தண்ணீர் போகிறது, பஸ் ஓடுமோ ஓடாதோ என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்குப் பார்த்து வியாழக்கிழமை. சுகிர்தாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டும் வயிற்றை உதைத்துக்கொண்டுதான் இருந்தன. அவளுக்கே ஒருவாரம் தள்ளிப் போகலாமே என்று தோன்றியது.

"இந்த மழைல புள்ளதாச்சிய எங்க இட்டுக்கினு போற?" என்றாள் ரோசம்மாள்.

"போயே ஆவணும்மா" என்றான் பென்னி. ஷெட்டுக்குக் கம்பி ஏற்றி வரும் வேன்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். ரோசம்மாள் மகனை ஒரு நிமிடம் பார்த்தாள். "எனக்கு மொதப் புள்ள எட்டு மாசத்துல வவுத்துலயே போச்சி. முந்தின நாளு வரிக்கும் நல்லாதான் உதச்சிக்கினு இருந்துச்சி" என்றாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் வேனில் ஏறினாள்.

அன்றைக்கு டாக்டர் துர்காதேவி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிறிய குழந்தைக்குத் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் தளர்ந்துகொண்டு வந்தது.

"சுகிர்தா, இன்னைக்கே எடுத்துடலாம். காத்திருந்தால் சின்னது தாங்காது. அது போனால் பெரியதுக்கும் ஆபத்து."

சுகிர்தா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எடுங்கோ டாக்டர்" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இரண்டு பெண் குழந்தைகள் அழுதுவிட்டன. முதலில் ஒரு கனத்த குரல், பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல். அந்த இரண்டாவது குரலைக் கேட்டதும் வெளியே நின்ற பென்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இந்தத் தடவை யாரும் அவனைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ரோசம்மாள் முழங்கால் போட்டு ஜெபித்தாள். பிறகு எழுந்து, எதிரே வந்த நர்ஸ், வாட்ச்மேன், யாரென்றே தெரியாத ஒருவர் என்று எல்லார் கையையும் பிடித்துக்கொண்டாள்.

சின்னவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள், ஆனால் நர்ஸின் விரலைப் பிடித்தால் விடமாட்டாள். சில நாள் கழித்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுகிர்தா மெல்ல நடந்து அவளைப் பார்க்க வந்திருந்தபோது, குழந்தை டாக்டர் பென்னியைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தலைக்குள்ள ஒரு தடவை பார்க்கணும். உச்சிக்குழியில் வைத்துத்தான் ஸ்கேன் பண்ணுவோம். பயப்பட ஒண்ணுமில்லை. அது வந்து..." என்று அவர் பொறுமையாக விளக்கத் தயாரானார். அப்பன்மார்கள் பயப்படுவதை அவர் நிறைய பார்த்தவர்.

"சத்தம்தானே டாக்டர்? பாருங்கோ" என்றான் பென்னி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, நர்ஸ் சொன்னபடி மகளின் இரண்டு காலையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். கருவி உச்சியில் பட்டது. அவள் அசையக்கூட இல்லை.

"நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்லை" என்றார் டாக்டர்.

பென்னி காலை விடவில்லை. பக்கத்துத் தொட்டிலில் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்த பெரியவளைத் தாடையால் காட்டினான்.

"அவளுக்கும் ஒரு வாட்டி பாத்துடுங்களேன் டாக்டர்."

"அவளுக்கு எடை நல்லா இருக்குப்பா. தேவையில்லாமல் எதுக்கு?"

"தேவையில்லதான். சும்மா பாத்துடலாமேன்னு."

சுகிர்தாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தையல் சுரீரென்று இழுத்தது. இருந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.