கடுதாசி நிற்க வேண்டிய இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஆரியசாலைக் கடைத்தெருவில் ஆணி வாங்கிக்கொண்டு நின்றபோது ஸ்டெல்லா மதினியின் போன் வந்தது. "ஆசாரித் தம்பி, உங்க அண்ணாச்சி போயிட்டாரு. காப்பி கேட்டாரு. கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாரு." ஆணியைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஞானமணி அண்ணாச்சியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு இங்கே ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் அதே வேலைக்கு வந்தார். அங்கே மரவேலை என்னுடையது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

முதல் நாள் ஒரு பழைய பட்டாளத் துப்பாக்கியைத் திறந்து குண்டு இல்லை என்று பார்த்தார். விரல் விட்டும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீரும் பாரும்வேய். நான் பாத்தது எனக்கு. நீரு பாத்தாத்தான் உமக்கு." கடைசிவரை அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் பூசி, மரத்தில் இறக்கி முறுக்கி, மறுபடி எடுப்பார். கரி பட்ட இடந்தான் இரும்பு உட்கார்ந்த இடம். சுடும்போது இரும்பு பின்னால் வந்து இடிக்கும் மரத்தின் இரண்டு தோள்களிலும் கரி ஒன்றுபோல விழவேண்டும். "ஒரு தோள் மட்டும் சுமந்தா மரம் கீறும், துப்பாக்கியும் பொய் சொல்லும்" என்பார். "துப்பாக்கி பொய் சொல்லட்டும், என் துண்டெல்லாம் கரியாக்குனது யாருன்னு நீங்க உண்மையச் சொல்லுங்க" என்பார் மதினி.

ஒரு ஜூன் மாத இடவப்பாதி மழையில் அந்தப் பழைய துப்பாக்கி குறி தவறிக் கண்டபடி சுட ஆரம்பித்தது. "இனி இத வச்சிட்டு என்ன காரியம்? சனியாழ்ச்ச வர நோக்காம், அல்லெங்கில் அழிக்கக் கொடுத்திரலாம்" என்று சனிக்கிழமைவரை தவணை வைத்தார் கழகக் காரியதரிசி. அண்ணாச்சி வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "இது போனா எனக்கும் இங்க வேலையில்ல, கேட்டீரா."

பின்பக்க விரிசலை ஒட்டச் சொல்லி மரத்தை என்னிடம் தந்தார். ஒட்டினேன். முன்முனையில் மரம் கொஞ்சம் மேடாக நின்று குழல் உரசிய தடத்தோடு இருப்பதைக் கண்டேன். மூட்டில் மேடு இருந்தால் எந்த ஆசாரிக்குக் கை சும்மா இருக்கும்? அதையும் அழகாகச் சீவிவிட்டேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சி எல்லாம் பூட்டி, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே துண்டுக் கடுதாசி விட்டு இழுத்தார். வழிநெடுக ஓடிற்று. முனையிலும் ஓடிற்று. எனக்குப் பெருமை. அவர் கடுதாசியை முனையில் மறுபடி விட்டு இழுத்தார்.

"இங்க கடுதாசி நிக்கணும்வேய். இந்தச் சாதித் துப்பாக்கிக்கு முனையில மரம் கீழ இருந்து தாங்கணும். மேட்டை எங்க?"

"சீவிட்டேன் அண்ணாச்சி."

திட்டுவார் என்று நின்றேன். சிரித்துவிட்டார். "மட்டமான ஆசாரின்னா இவ்வளவு நேராச் சீவ மாட்டான். எடும், பசைய எடும்."

உடைந்த வேறொரு கட்டையிலிருந்து நகமளவு துண்டு எடுத்து ஒட்டினோம். மறுநாள் முழுக்கக் கரி பூசிப் பூசி இழைத்தேன். சாயங்காலம் கடுதாசி முனையில் போய் நின்றது.

சனிக்கிழமை ஐந்து குண்டு சுட்டார்கள். ஐந்து ஓட்டையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. காரியதரிசி மரத்தைத் தடவி, "இது ஆரு செய்தது?" என்றார்.

"முனை வேல ஆசாரியோடது" என்றார் அண்ணாச்சி. சீவிய கதையைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவரும் எழுபது தாண்டும்வரை அங்கே இருந்தார். துப்பாக்கி இன்னும் இருக்கிறது.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் மூடி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு ஆடியது. "ஆணி அடிச்சாச் சரியாயிரும்" என்றான் கொண்டுவந்தவன். "அவரு பொறுக்க மாட்டாரு" என்றார் மதினி, என்னைப் பார்த்து. ஓட்டோவில் ஆளனுப்பி உளி வரவழைத்தேன். போதகர் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். உயர்ந்திருந்த இடத்தை மட்டும் சீவினேன். அதற்கு மேல் ஒரு இழைகூட எடுக்கவில்லை. கடுதாசியைக் கிழித்து நாலு பக்கமும் விட்டுப் பார்த்தேன்.

எல்லாப் பக்கமும் நிக்குது அண்ணாச்சி. நான் பாத்துட்டேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.