பூமியைக் காப்பாற்றப் போய் நாறிய தெரு

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். வேலூரில் கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் அரைநாள் உட்கார்ந்து எழுந்தவன், பூமி சூடாவதை ஆம்பூரில் எங்கள் தெருவிலிருந்தே நிறுத்திவிடலாம் என்ற முடிவோடு பஸ் ஏறினேன். கையில் கேள்வித்தாள் இருந்தது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்க உங்களால் முடியும் என்று நம்புகிறீர்களா?

பதினோரு வீட்டிலும் முடியாது என்றுதான் சொன்னார்கள். எல்லார் பெயருக்கும் எதிரே 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு; பிரசவ விடுப்பில் இருந்தார். ஷீட் கூரையின் கீழே மூன்று மாதக் குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குருவோடு பகல் முழுக்கக் கத்தியது.

"பூமிய நீ பாத்துக்கோ தம்பி," என்றார் அக்கா. "பாப்பா மத்தியானம் தூங்கறதுக்கு இன்னா வழி, அத்த சொல்லு."

வழி என்னிடம் இருந்தது. கூரைக்கு வெள்ளையடித்தால் சூடு கம்மியாகும். சும்மா கிடைக்கும் சுண்ணாம்புக்கு எங்கள் ஊரிலா பஞ்சம்? தோஸ்த் ஒருவனின் மாமாவுடைய தோல் பதனிடும் ஷெட்டில் சொல்லி, முடி உதிர்க்கத் தோலை ஊறவைத்த சுண்ணாம்புக் குழியின் அடிக்கசடை இரண்டு டிரம் கொண்டுவந்தேன். கழிவும் ஒழியும், சூடும் தணியும். கோஷம்கூட எழுதி வைத்துவிட்டேன். அக்காவின் கணவரும் அப்படி ஒரு ஷெட்டில் சுண்ணாம்புக் குழி வேலைதான். அவர் திரும்புவதற்குள் முடித்து அசத்த வேண்டும் என்று கேட்காமலே பூசினேன்.

வெயில் ஏறியது. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த தெரு மூக்கைப் பொத்தியது. கசடில் இருந்த ஆட்டு முடி கூரையில் ஒட்டிக் காய்ந்தது. ஈ மொய்த்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாட்றம்பள்ளி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்த கணவர் வாசலிலேயே நின்றார்.

"நாளெல்லாம் இத்த மோந்துட்டுதான் வர்றேன். வீட்டுக்கும் பார்சல் கட்டி கொண்டாந்துட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை அவரும் தெருக்காரர்கள் நாலு பேரும் கூரையைச் சுரண்டிக் கழுவினார்கள். புதுச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, பசை கலந்து, இரண்டு கை பூசினார்கள். படித்தவன் என்பதால் எனக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. மிச்சச் சுண்ணாம்பு எதிர் வீட்டுக் கூரைக்குப் போனது. அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று கூரைகள். யாரும் கோஷம் கேட்கவில்லை.

அக்கா திரும்பி வந்த மறுநாள், கேள்வித்தாளைத் திருத்தி எழுதலாம் என்று உச்சிவெயிலில் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உதட்டில் விரல் வைத்துத் தூளியைக் காட்டினார்.

சத்தமில்லாமல் திரும்பினேன். அந்தப் பிரச்சாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.